விட்டுப் பிடிக்கவும்

மாமா சிகரெட்டை நிறுத்திய ஒன்பதாவது நாள், வீட்டில் கழற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. மிக்ஸியைக் கழற்றி மாட்டியிருந்தார். மின்விசிறியைக் கழற்றி மாட்டியிருந்தார். குளியலறைக் கதவை மட்டும் கழற்றினார், மாட்டவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் சிக்கிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று "பதறாதீங்க, அப்படியே இருங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் அவரால் ஒரு நாற்காலியில் முழுதாக உட்கார முடியவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். புருஷனின் நெஞ்சைத் தானே படம் எடுத்து, சமையலறை ஜன்னலில் ஒட்டி வைத்து, இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் சமைத்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு சிகரெட். அப்புறம் நான் குவார்ட்டர்ஸ்ல, நீங்க இங்க." விளையாட்டுக்குச் சொல்கிற ரகமில்லை அவள். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வாயைத் திறந்தாள்.

அன்று காலை, சுவரில் சாய்த்து வைத்திருந்த கதவில் இடித்துக்கொண்டு வந்தவள் என்னைப் பிடித்தாள்.

"டேய், காலேஜ் லீவுதானே. இவரக் கூட்டிட்டுப் போய் மீன் பிடிக்க வை. கைக்கு ஏதாவது வேலை வேணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். மணிக்கு ஒரு தடவை போன் பண்ணுவேன்."

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதேக்கா."

"மீனுக்கு அது தெரியவா போகுது? கிளம்பு."

கடற்கரைச் சாலையில் ஒரு கடை தூண்டில் வாடகைக்குக் கொடுக்கிறது. கடைக்காரம்மா ஒரு கம்பு, ஒரு வாளி, இரைக்கு ஒரு பொட்டலம் இறால், பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்று, நான்கையும் மேஜையில் வைத்தார். தாளின் தலைப்பு: 'வெப்பமண்டலக் கடலில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோர் கவனத்துக்கு.'

"இதப் படிக்காம போடாதீங்க. போன வாரம் ஒருத்தர் கெளுத்திய வெறுங்கையால தூக்கிட்டார். முள்ளு ஏறிடுச்சு. சுடுதண்ணில கைய வச்சிட்டு ஒரு மணி நேரம் இந்த ஸ்டூல்லயே உக்காந்திருந்தார்."

"ஒரு மணி நேரமா?" என்றார் மாமா. "எழுந்திருக்காமயா?" குரலில் பொறாமை.

கடலுக்குள் நீளும் கான்கிரீட் பாலத்தின் நுனியில் நின்றோம். நான் தாளை வாசித்தேன். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கவும். மாமா குடித்தார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி குடித்தார். தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்து நடக்கவும். திருக்கை இருந்தால் விலகிவிடும். மாமா கம்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாலத்தின் மேல் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தார்.

"கான்கிரீட்ல திருக்கை இருக்காது மாமா."

"தெரியும் மாப்ளே. நடக்க ஒரு காரணம் வேணும்ல."

உப்பிக்கொண்டு வரும் பேத்தை மீனைச் சமைக்க வேண்டாம், விஷம்.

"உப்பிக்கிட்டு வர்றது எல்லாமே விஷம்தான். எங்க சூப்பர்வைசரப் பாத்திருக்கேல்ல?"

ஏழாவது குறிப்பு: பெரிய மீன் மாட்டினால் மல்லுக்கட்ட வேண்டாம். விட்டுப் பிடிக்கவும்.

எங்களுக்கு இரண்டு கை தள்ளி ஒரு தொப்பிக்காரர். வெயிலைப் பற்றியும் மீனைப் பற்றியும் கவலையே இல்லாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மாமா அந்தப் பக்கம் போய் நின்றார். அக்கா முதல் மணிக்கு அழைத்தபோது "நிக்கிறார்" என்றேன். பொய்யில்லை.

இரண்டாவது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கம்பு வில்லாக வளைந்தது. நைலான் நூல் சுற்றிய ராட்டை கிறீச்சிட்டது. மாமா முழங்காலைக் கைப்பிடிச் சுவரில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒன்பது நாளில் முதல்முறையாக அவர் உடம்பு முழுவதும் ஒரே இடத்தில் இருந்தது.

"பாரை," என்றார் தொப்பிக்காரர். "நல்ல சைஸ்."

என் போன் அடித்தது. சீக்கிரமே அழைத்துவிட்டாள்.

"என்னடா பண்றார்?"

"பிடிச்சிட்டாருக்கா."



"என்னது?"

"பிடிச்சிட்டாரு. இப்பதான் ஆரம்பிச்சார். மூச்சு வாங்க வாங்க இழுக்கிறாரு பாரு, நிறுத்தவே மாட்டேங்கிறார்."

"நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குறியா? விடச் சொல்லுடா. இப்பவே விடச் சொல்லு."

ஏழாவது குறிப்பு எக்ஸ்ரே அறைக்குள் எப்படிப் போனது என்று ஒரு கணம் வியந்தேன். ஆனாலும் நல்ல அறிவுரை, யார் சொன்னால் என்ன.

"மாமா, அக்கா விடச் சொல்றா."

ஒன்பது நாளாக அந்த வீட்டில் அவர் காதில் விழுந்த ஒரே வினைச்சொல் அது. விடுங்க, விட்டுடுங்க, விட்டுத் தொலைங்க. மாமாவின் பத்து விரலும் ஒரே நேரத்தில் விரிந்தன. கம்பு சுவர்மேல் ஒருமுறை தட்டி, தலைகீழாகக் கடலுக்குள் போனது.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். "நைலான் நூலத்தாங்க விடச் சொல்வாங்க, கம்ப இல்ல."

போனில் அக்கா, "இருபது நிமிஷத்துல வர்றேன். சாவி பையிலதான் இருக்கு," என்று வைத்துவிட்டாள். சாவி என்றதும்தான் எனக்கு உறைத்தது. திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். காலியான கையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"அப்ப, நான் பிடிச்சதா முடிவே பண்ணிட்டா."

"வந்ததும் சொல்லிக்கலாம் மாமா."

"நம்புவாளா?"

தொப்பிக்காரர் பரிதாபப்பட்டு சிகரெட் பெட்டியை நீட்டினார். மாமா ஒன்றை எடுத்தார். விரலிடுக்கில் அது போய் உட்கார்ந்த விதம், வெளியூர் போய்த் திரும்பியவன் வீட்டு நாற்காலியில் உட்காருவது போல இருந்தது. லைட்டர் எரிந்தது. தண்டனை வந்துகொண்டிருக்கிறது, குற்றம்தான் பாக்கி. அதைச் செய்துவிடுவதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கே தோன்றியது.

மாமா பாலத்தின் நடுவரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். லைட்டரோடு தொப்பிக்காரர் கூடவே நான்கு நடை நடந்து, களைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்பது நாள் மாப்ளே," என்றார் மாமா. "அவ நம்பலன்னாலும் ஒன்பது நாள் ஒன்பது நாள்தானே?"

"ஆமா மாமா."

"இந்தா, இதப் பிடி." பற்றவைக்காத சிகரெட்டை என் விரலுக்குள் திணித்துவிட்டு, இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டு மறுபடி நடந்தார்.

அக்கா வேலை நேரத்துக் கோட்டோடு, பாலத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். முதலில் கண்ணில் பட்டது என் கை.

"நீயுமா?"

"நான் பிடிக்கலக்கா. பிடிச்சிட்டிருக்கேன்." இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"வாய மூடு." மாமாவுக்கு நேராகப் போய் நின்றாள். அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. மாமா எதையோ விளக்க வாயெடுத்தார். அவள் கேட்கவில்லை. தினமும் அறுபது பேரிடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்: "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க."

மாமா பிடித்தார். நெஞ்சு தூக்கிக்கொண்டு நின்றது.

"ம். விடுங்க."

அவள் முகத்திலேயே விட்டார். அக்கா கண்ணை மூடி மோந்தாள்.

"இன்னொரு தடவை."

விட்டார். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனாள். "இறால் நாத்தம்," என்றாள். கையை விடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப என்னத்தத்தான் பிடிச்சீங்க?"

"பாரை."

"எவ்ளோ பெருசு?"

மாமா கையை உருவிக்கொண்டு அகலமாக விரித்துக் காட்டினார். சிகரெட்டை விட்டதில் வந்த கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அதனால் மீன் ஒரு கணம் இரண்டு அடியாகவும் அடுத்த கணம் மூன்று அடியாகவும் இருந்தது. எது சரி என்று அக்கா கேட்கவில்லை.