நெட்டை கடனுக்கு வாங்கிய புள்ளி

நெட்டை எங்கள் கடைக்குத் தர வேண்டிய பாக்கி பதினோராயிரத்து நானூற்று ஐம்பது. அவன் துப்பாக்கியின் மேல் மாட்டியிருந்த ரெட் டாட்டை வாங்கிய வகையில் நின்ற பாக்கி அது. சோளக்காட்டில் பன்றி அவனைக் குத்திக் கிழித்துக் கொன்று ஒரு மாதம் ஆன பிறகு, அவன் மனைவி துப்பாக்கியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். கூடவே நெட்டையின் அண்ணனும் வந்தான்.

துப்பாக்கி விற்கிற, பழுது பார்க்கிற கடை எங்களுடையது. நான் பின்கட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறவன். ரெட் டாட் என்பது உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடிக் குழல். அதன் வழியே பார்த்தால் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எதன்மேல் நிற்கிறதோ அங்கே குண்டு போகும். போக வேண்டும். பழையதை விற்க வருகிறவர்களின் சாமானைச் சோதித்துத் தரம் சொல்வது என் பொறுப்பு. புதியதை நாங்கள் சோதிப்பதே இல்லை. பெட்டியின் ஒட்டு பிரிந்தால் விலை போகாது என்பது முதலாளியின் சட்டம்.

"நல்லா இருந்தா பாக்கியில கழிச்சுக்கலாம்மா. கவலப்படாத," என்றார் முதலாளி.

"நல்லா இல்லாம? உங்ககிட்ட புதுசா வாங்குனதுதானே," என்றான் அண்ணன். "சாமான்ல என்ன குறை? புடிச்ச கையிலதான் குறை. ஊத்திக்கிட்டுக் காட்டுக்குள்ள போனா, பன்னி என்ன கும்பிடா போடும்?"

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். அடக்கம் நடந்த இடத்திலும் அவன் இதையேதான் சொன்னானாம். பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட நெட்டையைக் கூலிக்கு வைத்திருந்த விவசாயிகள் சங்கத்திலும் அதுவே பேச்சு. பக்கத்தில் நின்ற பன்றிக்கு முன்தோளில் பட வேண்டிய குண்டு பின்தொடையில் பட்டிருந்தது. காயம்பட்ட பன்றி திரும்பி வந்துவிட்டது. இத்தனை வருடம் சுட்டவன் குடிக்காமல் எப்படித் தவறவிடுவான் என்று கேட்டார்கள். அவளுக்கே சந்தேகம் இருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

குண்டு இல்லை என்று பார்த்துவிட்டுத் துப்பாக்கியைப் பட்டறை மேசையின் வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். கண்ணாடியைத் துடைத்து உள்ளே பார்த்தேன். புள்ளி உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தேள் கொடுக்கு மாதிரி வளைந்திருந்தது.

முதலாளியும் குனிந்து பார்த்தார். "எனக்கும் வால் மொளச்ச மாதிரிதான் தெரியுது. வயசாச்சில்ல, கண்ணு போச்சு."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "வாலா? அவரும் அதத்தான் சொன்னாரு."

"யாரு, நெட்டையா?" என்றேன்.

"ஆமாண்ணே. புள்ளிக்கு வால் மொளச்சிருக்குடி, என் கண்ணு அவுட்டுன்னாரு. யார்கிட்டயும் சொல்லிடாத, சங்கத்துல தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கன்னாரு. சொட்டு மருந்து வாங்கி ராத்திரி ராத்திரி விட்டுக்குவாரு. எங்கிட்டயும் ரெண்டு தடவ ஊத்தச் சொன்னாரு."

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் செய்கிற தப்பு இது. காசு கொடுத்து வாங்கிய புதுச் சாமானைச் சந்தேகப்பட மாட்டார்கள். தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவார்கள்.

ரெட் டாட்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன். வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடித்து மெதுவாகச் சுழற்றினேன். கண்ணில் கோளாறு என்றால், கருவியை எப்படித் திருப்பினாலும் வால் இருந்த பக்கமே இருக்கும். கருவியில் கோளாறு என்றால், வாலும் கூடவே சுற்றும்.

சுற்றியது. இன்னொரு கண்ணால் பார்த்தேன். அப்போதும் சுற்றியது.

மறுபடியும் துப்பாக்கியில் மாட்டி, முற்றத்துக்கு அப்பால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் போல்ட்டு மேல் புள்ளியை நிறுத்தினேன். ரப்பர் சுத்தியலால் கருவியின் பக்கவாட்டில் லேசாகத் தட்டினேன். புள்ளி போல்ட்டை விட்டு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. இன்னொரு தட்டுக்குப் பாதி தூரம் திரும்பி வந்தது. நல்ல சாமான் என்றால் சுட்ட அதிர்ச்சிக்கே அசையக் கூடாது. இதை அவன் மோட்டார் சைக்கிளில் மேடு பள்ளமெல்லாம் கொண்டுபோயிருக்கிறான்.

"போதும், கழட்டி உள்ள வை," என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள்.

"உள்ள புள்ளி விடுற விளக்கு ஆடுதும்மா. ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் ஒவ்வொரு எடத்துல போய் நிக்குது. கண்ணாடியும் கோணல். எவ்ளோ சரியாக் குறி வச்சாலும் குண்டு வேற எங்கயோதான் போகும்," என்றேன்.

"அப்ப அவர் கண்ணு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே. மாமா காதுல விழட்டும்," என்று நெட்டையின் அண்ணனைக் காட்டினாள்.

"உன் வீட்டுக்காரன் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சும்மா. அவன் சரியாத்தான் சுட்டான்."

அண்ணன் வைஸ் பக்கம் வந்து தானே குனிந்து பார்த்தான். நான் தட்டினேன். அவன் தலையைத் தூக்கவே இல்லை. புள்ளியைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் தோள் குலுங்குவது தெரிந்தது.

அவள் அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, யாரிடமும் இல்லாமல் பேசினாள். "அன்னிக்குக் காலையிலகூடத் திட்டுனேன். கண்ணு தெரியாத மனுஷனுக்குத் துப்பாக்கி எதுக்கு, எங்கயாவது வாட்ச்மேனாப் போய் உக்காருன்னேன். சரிடின்னாரு. அந்த ஒரு வார்த்தைதான். சரிடி."

முதலாளி கண்ணாடி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அதே மாதிரிப் பெட்டியில் இன்னும் இரண்டு ரெட் டாட் அங்கே இருந்தன. "நானும் ஏமாந்தவன்தாம்மா. மொத்த யாவாரி குடுத்தத அப்படியே நம்பி வச்சேன்," என்றார். பொய் சொல்கிறவர் இல்லை. "பாக்கிய மறந்துடு. மேல ஒரு அஞ்சாயிரமும் தரேன். இது இங்கயே இருக்கட்டும். வெளிய பேச்சு வேணாம். இந்தக் கடைய நம்பி நாலு குடும்பம் இருக்கு."

அதில் என் குடும்பமும் ஒன்று.

அவள் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

"அவரு வண்டிய வித்த காசு. நீங்க இத எடுத்துக்கலைன்னா கட்டிடலாம்னு கொண்டாந்தேன். பாக்கிய முழுசா எடுத்துக்குங்க."

"எதுக்கும்மா? நான்தான் வேணாங்குறேனே."

"கட்டிட்டா இது என்னோடதுதானே? சங்கத்துக்குக் கொண்டுபோயி, அவரக் குடிகாரன்னு சொன்ன அத்தன பேரும் பாக்குற மாதிரி மேசைல வைக்கலாம்ல?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "கூப்பிட்டா வந்து தட்டிக் காட்டுவீங்களாண்ணே?"

முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறேன் என்று தலையை ஆட்டினேன்.

நான் ரெட் டாட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அதை அதே துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். அண்ணன் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வாசலில் போய் நின்றான்.

முதலாளி பணத்தை எண்ணினார். பதினோராயிரத்து ஐந்நூறு இருந்தது. பாக்கி முழுதும் பைசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ரசீதை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மீதி அம்பது," என்றாள்.

அதை வாங்கிக்கொண்டுதான் போனாள்.