ரெண்டு பாட்டில் ரத்தம்

தையல்காரியின் இடது கையில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கென்றே ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கையில் கடிகாரம்கூடக் கட்டக்கூடாது, அதன்மேல் தலைவைத்துப் படுக்கக்கூடாது. அவள் உயிர் ஓடுவதே அதில்தான். போன மாதம் அவள் புருஷன், குழம்பில் உப்பில்லை என்று, குறி பார்த்ததுபோல அந்தக் கையிலேயே ஸ்பேனரால் போட்டான். உப்பு போடாதே என்று அவளுக்குச் சொன்னது டாக்டர். மெக்கானிக் துரைக்கு அதெல்லாம் கணக்கில்லை.

குழாய் பிய்ந்தது. ரத்தம் சுவரில் அடித்து, தையல் மெஷினை நனைத்து, அவன் முகத்திலேயே பீய்ச்சியது. பயலுக்கு அப்போதுதான் போதை இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயந்து தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே தையல் போட்டு, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

"பஸ் கதவுல இடிச்சுக்கிட்டா சார்," என்றான் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில். அவள் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸைத் தொடர்ந்தார்கள். ரத்தம் ஏற்றியதைப் பற்றி இருவருமே மூச்சு விடவில்லை. அவளுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. போன ரத்தம் திரும்பி வந்தது, அவ்வளவுதானே.

இன்று காலை போன் வந்தது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞனின் கிட்னி. "உங்க ரத்தத்தோட அவரு செல்லைக் கலந்து பார்த்தாச்சு. ஒத்துப்போகுது, உடனே வாங்க." வருஷக்கணக்காகக் காத்திருந்தவள் அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் கிட்னி டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாங்க கலந்து பார்த்தது போன மாச ஆரம்பத்துல எடுத்து வச்ச ரத்தம். அதுக்கப்புறம் உங்களுக்கு யாரோட ரத்தமாவது ஏத்துனாங்களா?"

"இல்லவே இல்ல டாக்டர்," என்று புருஷன் முந்திக்கொண்டான். அவன் விரல்கள் அவள் தோளில் இறங்கின.

"ஏத்தியிருந்தா என்ன ஆகும்?" என்றாள் அவள்.

"வேற ஆளு ரத்தம் உள்ள போனா, உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டைக்குத் தயாராயிடும்மா. அப்புறம் வர்ற கிட்னியையும் விடாது. நாங்க தைச்சு முடிக்கறதுக்குள்ள அதை அடிச்சே கொன்னுடும். கறுத்துப்போயிடும். வெட்டி எடுத்து வெளிய போடறதைத் தவிர வழியில்ல."

சொன்னால் இந்தக் கிட்னி போய்விடும். சொல்லாவிட்டால், பிள்ளையைப் பறிகொடுத்த எவளோ ஒரு தாய் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தது, தன் வயிற்றுக்குள் அடிபட்டுச் சாகும். அடிபடுவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவன் பிடியில் தோள் எலும்பு நெரிந்தது. "ஏத்துனாங்க டாக்டர். ரெண்டு பாட்டில். இவரு என் கையைப் பொளந்த அன்னைக்கு."

புது ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கிட்னி ஐஸ் பெட்டியில் காத்திருந்தது. மதியம் டாக்டரம்மா திரும்பி வந்தபோது முகமே சொல்லிவிட்டது.

"கலந்த செல்லெல்லாம் செத்துப்போச்சும்மா. இது உங்களுக்குச் சேராது."

"அடுத்தது வருமில்ல?"

டாக்டரம்மாவுக்கு மழுப்பத் தெரியாது. "கஷ்டம். இனிமே பத்துப் பேரோடது வந்தாலும், ஒண்ணாவது சேருமான்னு சொல்ல முடியாது."

அவர் வெளியே போனார். ஐஸ் பெட்டி அடுத்த அறையில் இருந்த வேறொருவருக்குப் போனது. புருஷன் குனிந்து அவள் முடியைப் பிடித்தான். "வாயை மூடிக்கிட்டு இருந்தா என்னடி, மூதேவி? இன்னேரம் உள்ள போயிருப்பல்ல?"

சலைன் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வலது கையால் பிடுங்கி அவன் மூஞ்சியிலேயே போட்டாள். மூக்குத்தண்டு நொறுங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. விழுந்தவன் தலைக்குக் குறுக்கே தூக்கிய கையில் ஓங்கி இன்னொன்று, அது மடங்கியதும் விலாவில் ஒன்று. நர்ஸும் காவலாளியும் சேர்ந்து இழுத்தும் கம்பியை அவள் விடவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

விபத்து வழக்குக்காக வந்திருந்த போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "யாரும்மா அடிச்சது?"

"நான்தான் சார். அதையும் எழுதிக்குங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆனா முதல்ல அவரு அடிச்சதை எழுதுங்க. நான் அடிச்சது முடிஞ்சுபோச்சு. அவரு அடிச்சது இன்னும் என் உடம்புக்குள்ள அடிச்சுக்கிட்டேதான் இருக்கு."