வண்டிக்கூலி தனி

அந்த வரைபடத்தின் விலை ஒரு கோடி ரூபாய், வண்டிக்கூலி தனி. சிம்மக்கல் ஜவுளிக்கடையில் யார் கேட்டாலும் ராமமூர்த்தி முப்பது வருஷமாகச் சொன்ன விலை இதுதான். பைசா குறைத்ததில்லை. போன மாதம், மக்கள் பார்க்கட்டும் என்று அதை அருங்காட்சியகத்துக்குச் சும்மாவே கொடுத்தார். இன்று விடியலில் இறந்தும் போனார்.

"ஃபேனப் போடாத காளை" என்றாள் அவர் மனைவி நாகமணி.

கடையில் மூட்டை தூக்கும் காளை, சுவிட்சில் வைத்த கையோடு நின்றான். விளாங்குடி வீட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் பாயில் ராமமூர்த்தி. மறுபக்கம் பெரிய பலகையில், ஈரமாக, வரைபடம். நடுவில் துக்கத்துக்கு வந்தவர்கள் அக்னி நட்சத்திரத்தில் வெந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணனுக்குக் காத்து வேணாமாக்கா?"

"அவருக்கு இனி என்னத்துக்குடா காத்து."

கோட்டையும் அகழியும் இருந்த காலத்து மதுரையின் படம், கையால் வரைந்தது. தொட்டால் உதிரும் என்பதால் அதைச் செப்பனிட அருங்காட்சியகத்து முத்துமீனா இந்த வீட்டுக்கே வந்து வேலை பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம்தான் கோதுமைப் பசை தடவி, பின்னால் மெல்லிய தாள் ஒட்டி, ஓரங்களைப் பலகையோடு பிடித்துவைத்தாள். காற்றுப் பட்டால் ஓரம் முந்திக் காய்ந்து இழுக்கும், நடு விண்டுபோகும், ஈரத்தோடு அசைக்கவும் கூடாது என்று சொல்லிப் போயிருந்தாள்.

மகன் வெங்கடேஷ்பாபு குனிந்து, காளைக்குப் புரியாதிருக்க வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் முணுமுணுத்தான். பிணத்தைவிடக் காகிதம் பெரிதா என்று ஜனங்கள் பேசுகிறார்களாம்.

நாகமணி எல்லோருக்கும் கேட்கத் தமிழிலேயே பதில் சொன்னாள். "பேசட்டும். இந்தக் கந்தல அடுப்புல போடுங்கன்னு முப்பது வருசம் நானுந்தான் பேசுனேன்."

கல்யாணமான புதிதில் ராமமூர்த்தி அதில் அவள் பிறந்த ஊரான பரவையைக் காட்டினார். ஒரு கண்மாய், ஒற்றைப் பனை. "உங்கப்பா வீட்டையே காணோமே, என்னைய ஏமாத்திக் கட்டி வச்சுட்டாங்களா?" என்றார். அவள் முகம் கொடுத்துப் பேச இரண்டு நாளாயிற்று. அப்புறம் எந்தச் சண்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டினாலும், "இரு, நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டியாரேன், வண்டிக்கூலி எங்கணக்கு" என்று படத்தை விரிப்பார். விரல் சிம்மக்கல்லில் கிளம்பி, வைகையோரமாகவே பரவை போய், அதே தடத்தில் திரும்பும். அந்தத் தடம் தாளில் பழுப்பேறிக் கிடந்தது. அதை எடுத்துவிடவா என்று முத்துமீனா கேட்டபோது நாகமணிதான் வேண்டாமென்றாள்.

உதிர்ந்திருந்த பரவைத் துண்டை நேற்று கடைசியாகத்தான் முத்துமீனா இடுக்கியால் எடுத்துப் பொருத்தினாள்.

"பரவை வந்துருச்சா?" என்றார் ராமமூர்த்தி, நோயில் கிடந்த பாயிலிருந்து.

"வந்துருச்சுங்கய்யா."

பிறகு அவர் பேசவில்லை.

நாலு மணிக்கு அவரைத் தூக்கிப் போனார்கள். உறவுக்காரப் பெண்கள் கூடத்தைக் கழுவ வாளியோடு வந்தார்கள். பலகைப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கவிடாமல், ஈரத்துணியால் நாகமணியே துடைத்தாள்.

துக்கம் கேட்க வந்த முத்துமீனா, புறங்கையை ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். "காஞ்சிருச்சும்மா. ஒரு கீறல் விழுகல. காரியம் முடியட்டும், இத எடுத்துப்போக வண்டியோட வாரேன்."

நாகமணி எழுந்து ஃபேனைப் போட்டாள். அனுபவிக்கக் கூடத்தில் ஆளில்லை. பலகை அருகே வந்து, தாளில் படாமல், சிம்மக்கல்லுக்கு மேலே விரலை வைத்து ஆற்றோரமாக நகர்த்தினாள்.

விரல் பரவையில் போய் நின்றது.

போன கூலி சரி. திரும்பி வரும் கூலி அவர் கணக்கில் பாக்கி.