மீன் திருடாத நீர்நாய்

என்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி என் அண்ணன் மகஜர் எழுதிக்கொண்டிருந்தபோது, அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் நான்தான்.

“புள்ள, ‘சகிக்க ஏலாத குரல்’ எண்டு போடவா, ‘காகம் கத்தின மாதிரி’ எண்டு போடவா?” என்று கேட்டான்.

“காகம் என்ன பாவம் செய்த? சகிக்க ஏலாத எண்டே போடு” என்றேன்.

கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துவிட்டுக் காகத்தையே போட்டான். அந்தக் குரல் என்னுடையது என்று அவனுக்குத் தெரியாது.

ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சனிக்கிழமை காலைகளில் ‘குளத்தங்கரைக் கூட்டம்’ என்றொரு கார்ட்டூன் போகும். அதில் பொக்கன் என்று ஒரு நீர்நாய். தொப்பைக்காரன். மீன் திருடுவான், பிடிபட்டால் பொய் சொல்வான், பொய் சொல்லும்போதெல்லாம் விக்கல் எடுக்கும். இடி இடித்தால் ஆமையின் ஓட்டுக்குள் தலையை நுழைக்கப் பார்ப்பான். அண்ணன் நிலோஜனுக்கு அவன்தான் உலகம். ஆனால் மட்டக்களப்பில் எங்கள் கல்லடியில் அந்த நாளில் கறண்ட் நினைத்த நேரத்துக்குப் போகும். அதுவும் கடைசி ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது, சொல்லிவைத்த மாதிரிப் போகும். பத்து வயதுப் பொடியன் தரையில் விழுந்து அழுவான். அவனுக்கு மூன்று வயது இளையவளான நான், இருண்ட திரைக்கு முன்னால் போய் நின்று, பொக்கனின் குரலில் மிச்சக் கதையை என் பாட்டுக்கு அவிழ்த்துவிடுவேன்.

“மறுகா?” என்பான். எங்கள் பக்கத்தில் ‘பிறகு’ என்பதை அப்படித்தான் கேட்போம். நானும் சொல்வேன். “மறுகா?” கறண்ட் வரும்வரை அவனும் விடமாட்டான், நானும் விடமாட்டேன்.

இருபது வருடம் கழித்து அந்தக் கார்ட்டூனைப் புதிதாக எடுத்தார்கள். புதுப் பொக்கன் ஒல்லி. கண்ணாடி போட்டிருக்கிறான். மீனைத் தொடுவதில்லை, கீரை தின்கிறான், தின்னுமுன் கை கழுவுகிறான். “தவறு செய்தால் மன்னிப்புக் கேட்போம், நண்பர்களே!” என்கிறான். அவனுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு நாலு வருடம் அலைந்தவளுக்கு அது ஒன்றுதான் வாய்த்தது. பன்னிரண்டாவது பகுதி போய் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மாதம் இரண்டு தரம் கொழும்புக்குப் போக வேண்டும். வீட்டில் ‘செயலமர்வு’, ஏதோ பயிற்சி வகுப்பு என்றேன். எங்கள் ஊரில் செயலமர்வு என்றால் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. பகல் சாப்பாடு தந்தார்களா என்று மட்டும் அம்மா கேட்பா.

முதல் பகுதி போன அன்றே அண்ணன் கொதித்துப் போனான். அவன் வாவிக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். “மீன் களவெடுக்காத நீர்நாய எங்கயாவது கண்டிருக்கியாகா? இது நீர்நாயில்ல, நேர்சரி டீச்சர்!” என்று கத்தினான். அன்று பின்னேரமே முகநூலில் ‘பொக்கன் பாதுகாப்புச் சங்கம்’ உதயமாயிற்று. தலைவர் அண்ணன், செயலாளர் காத்தான்குடி ஸாஹிர். ஒவ்வொரு பகுதியும் போய் முடிந்த கையோடு கண்டன அறிக்கை வரும். கண்டனம் சரியாக வர வேண்டுமென்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தார்கள். அந்தக் கார்ட்டூனை அவ்வளவு கவனமாக இலங்கையில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் கிளம்பிற்று. ஸாஹிரின் மனைவி முப்லிஹா தாய்மாரைச் சேர்த்து இன்னொரு குழு தொடங்கினா. “எங்கட மகன் இப்ப சொல்லாமலே கை கழுவுறான். பழைய பொக்கனப் பாத்து வளந்தவர் இன்னமும் கழுவுறல்ல” என்று எழுதி, புருஷன் பிரியாணி தின்கிற படத்தையும் போட்டுவிட்டா. அன்றைக்கு மட்டும் எண்ணூறு பேர் சிரித்திருந்தார்கள். கண்ணகி அம்மன் கோயில் கொம்பு விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்குமே, அப்படி இழுத்தார்கள். அங்கே போலவே ஒரு பக்கத்தாரை மறுபக்கத்தார் பாட்டுக் கட்டி வைதார்கள். ஒரு நீர்நாயின் தொப்பைக்காக.

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் ஒன்பதாவது பகுதியோடு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. கொழும்பிலிருந்து தயாரிப்பாளர் கூப்பிட்டார். அடுத்த தொடருக்கு என்னை வைத்திருப்பதா, மாற்றுவதா என்று மேலிடத்தில் பேசுகிறார்களாம். பார்ப்பவர்களின் கடிதங்களை வைத்துத்தான் முடிவாம். மட்டக்களப்பிலிருந்து ஏதோ மகஜர் வரப்போகிறதாமே, உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டார். தெரியாது என்றேன். விக்கல் எடுக்காததுதான் குறை.

வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். என் குரலுக்கு முதன்முதலில் “மறுகா” சொன்னவன் அதைக் காகம் என்கிறானே என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அண்ணன் மகஜரைத் தூக்கிக்கொண்டு வாவிக் கரை முழுக்க அலைந்தான். மீனவர் சங்கத்து அருமைநாயகம் ஒரே நாளில் அறுபது கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். வலையைக் கடித்துக் கிழிக்கிற நீர்நாய்களைப் பிடித்து அப்புறப்படுத்தச் சொல்லித்தான் மகஜர் என்று நினைத்துவிட்டார். பழையபடி மீன் திருட விட வேண்டும் என்று எழுதியிருப்பதை வாசித்துக் காட்டியபோது மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். ஆனாலும் வைத்த கையெழுத்தை அழிக்க அண்ணன் விடவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தான். “நீயும் வைகா. வீட்டாக்களே வைக்கல்லயெண்டா சனம் என்ன சொல்லும்?”

வைத்தேன். தக்ஷாயினி இளையதம்பி, முந்நூற்றுப் பதினேழாவது ஆள்.

பன்னிரண்டாவது பகுதி ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனது. திங்கட்கிழமை மகஜரைத் தபாலில் போடவேண்டும். அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் கண்டனத்துக்குக் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்திருந்தான். கதையில் புயல். பொக்கன் தனியாக ஒரு மீன்வாடிக் குடிசைக்குள் அகப்பட்டுவிட்டான். இரண்டு நாள் பட்டினி. கொடியில் ஒரேயொரு கருவாடு தொங்குகிறது. பொக்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான், கருவாட்டைப் பார்க்கிறான். அண்ணன் எழுதுவதை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்தான்.

கறண்ட் போயிற்று.

“நாசமாப் போவான்கள்!” என்று கத்தினான். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. மகஜரை எடுத்து விசிறிக்கொண்டான். “முடிவு தெரியாம என்னெண்டு கண்டிக்கிற?” கொஞ்ச நேரம் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், என்னைப் பாராமலே, பழைய பழக்கத்தில், “மறுகா என்ன நடந்திருக்கும்?” என்றான்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்தாறு. கல்லடியில் கறண்ட் இல்லாவிட்டாலும் கொழும்பில் படம் போய்க்கொண்டுதானே இருக்கும். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நாலு நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பத்தரை அடித்ததும் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

“பிறர் பொருளைத் தொடுவது தவறு, நண்பர்களே!” என்றேன், புதுப் பொக்கனாக.

விசிறிய கை நின்றது.

“ஆனால் முகர்ந்து பார்ப்பது தவறென்று யாரும் சொல்லவில்லையே.” ஒரு எட்டு வைத்தேன். “நான்... விக்... நான் முகர்ந்துதான் பார்க்கிறேன்... விக்... கடிக்கவில்லை...” அந்த இரண்டு விக்கலுக்காக இயக்குநரிடம் மூன்று நாள் கெஞ்சியிருக்கிறேன். அண்ணன் கேட்பான் என்றுதான் கெஞ்சினேன்.

அண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது. என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், திரும்பவும் என்னைப் பார்த்தான்.

“செயலமர்வு?” என்றான்.

“ஓம்.”

குசினியில் அம்மா தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது. அண்ணன் தலையைக் குனிந்து மகஜரின் முதல் பக்கத்தைப் பார்த்தான், காகம் இருக்கிற இடத்தைப் பெருவிரலால் மறைத்தான்.

“இந்தக் காகத்த எழுதின ஸாஹிர்தான்” என்றான்.

“தேத்தண்ணி ஊத்தித் தந்த நான்தான்” என்றேன். அதற்குமேல் பொக்கனாகவும் பேச வரவில்லை, நானாகவும் வரவில்லை.

அண்ணன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து உட்கார்ந்தான். எனக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. மகஜரை இரண்டாக மடித்து எனக்கு விசிறத் தொடங்கினான். முந்நூற்றுப் பதினேழு கையெழுத்தும் சேர்ந்து நல்ல காற்றுத்தான் வந்தது.

“மறுகா?” என்றான்.