விலாவில் சுட வேண்டிய தோட்டா

அப்பாவுக்குச் சின்னத் துப்பாக்கி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் மார்லெட் முதலில் நினைத்தாள். கோபாபிஸ் ஊர்க் கடைக்காரரும் அதையே சொன்னார்.

"டூ ஃபார்ட்டி த்ரீ எடுத்துட்டுப் போம்மா. தோள்ல தட்டிக் குடுக்குற மாதிரிதான் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஸ்பிரிங்பாக் மான் சுட்டுப் பழகுறதே அதுலதான்."

அந்தக் கடைசிப் பேச்சோடு அந்த யோசனை செத்துப்போனது. அப்படி ஒரு துப்பாக்கியை நீட்டினால் அப்பா தியூனிஸ் ஓப்பர்மன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். அவரிடம் இருந்தது அவருடைய அப்பா விட்டுப்போன ஏழு மில்லிமீட்டர் மவுசர். வாழ்நாள் முழுக்க அது ஒன்றுதான். தோட்டாவும் ஒன்றுதான்: நூற்று எழுபத்தைந்து கிரெய்ன் எடை, மழுங்கிய முனை, தடித்த செம்பு உறை. மெதுவாகப் போகும், எலும்பைக் கண்டு நிற்காது. கெம்ஸ்பாக் மானின் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அதனால் அவர் தோளைத் தவிர வேறு எங்கும் குறி வைத்ததில்லை. "சுட்டுட்டு ஓடவிட்டுத் தேடுறவன் வேட்டைக்காரன் இல்ல, ஆடு மேய்க்கிறவன்" என்பார்.

இதெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

காற்றாலை ஏணியிலிருந்து விழுந்து, தோளில் தகடு வைத்துத் தைத்துக்கொண்டு வந்ததிலிருந்து அவர் சமையலறை நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மழை பொய்த்து மாடுகளும் போய்விட்டிருந்தன. மக்காச்சோளக் கஞ்சி அவர் முன்னால் ஆறி ஆடை கட்டும். தம்பி ஹெனோ கடற்கரை ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் அறை பேசி வைத்திருந்தான்.

"மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போறேங்க்கா. வரமாட்டேன்னு அவரே வாயத் தொறந்து சொன்னா விட்டுர்றேன். ஆனா அவர் சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்பதற்காகத்தான் மார்லெட் வேட்டைக்கு ஏற்பாடு செய்தாள். பழைய தோட்டாவின் உதைப்பை அந்தத் தோள் தாங்காது. எனவே துப்பாக்கியை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே போவதை மாற்றினாள். நூற்று இருபது கிரெய்ன், கூர்முனை, மெல்லிய உறை. கொட்டகையில் உட்கார்ந்து வெடிமருந்தை நிறுத்துப் போட்டு அவளே தோட்டாக்களைத் தயார் செய்தாள். சுடும்போது உதைப்பு நன்றாகக் குறைந்திருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் குறிக்கண்ணாடியையும் அதற்குத் தக்கபடி திருப்பி வைத்தாள்.

விற்கும்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார். "விலாவுல பட்டா அங்கயே படுத்துரும். தோள் எலும்புல பட்டா இது தூளாப் போயிரும், உள்ள எறங்காது. அப்பாகிட்ட மறக்காம சொல்லிரு."

"சொல்லிர்றேன்" என்றாள்.

எப்படிச் சொல்வது? குறியை மாற்றுங்கள் என்றால் தோட்டாவை மாற்றிவிட்டேன் என்று அர்த்தம். தோட்டாவை மாற்றிவிட்டேன் என்றால் உங்களால் பழையதைத் தாங்க முடியாது என்று அர்த்தம்.

முந்தின நாள் மாலை, மணல்மேட்டில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். தடம் பார்க்கும் எலிப்பாஸ் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அப்பாவும் அவரும் ஒரே வயது.

"பெரியய்யா, பெட்டி ஓடாது. பயப்படாம சுடுங்க."

"நீ போய் அதுக்குப் பின்னால நில்லு. அப்பத்தான் எனக்கு ஆசையா இருக்கும்."

மார்லெட் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கேலி பேசி எத்தனை காலம் ஆயிற்று. அவர் சுட்டார். ஓட்டை பெட்டியின் நடுவில் விழுந்தது. தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஆறிருச்சு போல" என்றார்.

அன்று இரவு கஞ்சியை வழித்துச் சாப்பிட்டார். காப்பியில் ரஸ்கை நனைத்தபடி, காற்றாலைக்கு எண்ணெய் போட்டார்களா என்று கேட்டார். "நாளைக்கு ஈரல் எனக்கு. வெங்காயம் எடுத்து வை" என்றார். சுட்டவருக்குத்தான் ஈரல், அந்தப் பண்ணையில் அதுதான் வழக்கம். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மார்லெட் நினைத்தாள். அவருடைய உற்சாகத்தைக் கலைக்க மனம் வரவில்லை.

காலையில் அவளே தோட்டாக்களைப் போட்டு, துப்பாக்கியை வண்டியில் அவர் மடியில் வைத்தாள். "நானே போட்டுட்டேம்பா." அதுவரை அவர் துப்பாக்கியில் வேறு யாரும் தோட்டா போட்டதில்லை. அவர் துப்பாக்கியை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். அவள் காப்பி எடுக்கவும், பிக்கி என்ற குட்டை நாயைப் பிடிக்கவும் உள்ளே போனாள்.

கெம்ஸ்பாக் மணல்மேட்டின் மறுபக்கம் தனியாக நின்றது. கிழட்டு ஆண். மார்லெட் முக்காலியை ஊன்றிக் கொடுத்தாள். அவர் துப்பாக்கியை அதில் வைத்தார். அவருடைய கை ஆடவே இல்லை.

"கொஞ்சம் பின்னால வைங்கப்பா. விலாப் பக்கமா" என்றாள் மெதுவாக. "காத்தடிக்குது."

"காத்தா? புல்லுகூட அசையல."

வெடித்தது. மான் முழங்கால் மடிந்து விழப்போய், எழுந்துவிட்டது. முன்னங்கால் ஒன்று துணி மாதிரி தொங்கியது. அப்படியே முள்காட்டுக்குள் போய்விட்டது.

எலிப்பாஸ் போய் மணலைப் பார்த்தார். எலும்புச் சில் ஒன்றை எடுத்து, பார்த்துவிட்டுக் கீழே போட்டார். "தோள்லதான் பட்டிருக்கு. பின்ன எப்படி ஓடுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மார்லெட் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். அப்பா கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு மூச்சு வாங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, போங்கள் என்று கையைக் காட்டினார். அந்தக் கால் மணலில் இழுத்துக்கொண்டு போன கோடு வெயில் ஏறியும் முடியவில்லை. நாயை அவிழ்த்துவிட்டார்கள். உள்ளே குரைப்புக் கேட்டது. பிறகு வேறு மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

மான் முதுகைப் புதருக்குக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. கொம்பு சிவந்திருந்தது. பிக்கி அதன் காலடியில் கிடந்தது. மார்லெட் விலாவில் சுட்டாள். மான் இரண்டடி நடந்து, தூக்கம் வந்ததுபோல் படுத்தது. அவ்வளவுதான்.

"நல்ல தோட்டாதானே பாப்பா" என்றார் எலிப்பாஸ். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கோட்டைக் கழற்றி நாயைச் சுற்றினார்.

தோலை உரித்தபோது தோள் முழுக்க நசுங்கிக் கருத்திருந்தது. ஈயம் பொடிப் பொடியாகச் சதையில் பரவியிருந்தது. எலும்பைத் தாண்டி ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. கிழிந்த செம்பு உறையை மார்லெட் விரலால் தோண்டி எடுத்தாள்.

வண்டி மரத்தடிக்குப் போனது. அப்பா நாயைச் சுற்றியிருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிரிக்கவில்லை.

"அப்பா, உங்க குறி சரிதான். எம்மேலதான் தப்பு." செம்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "தோட்டாவ மாத்திட்டேன். இது லேசானது. தோள்ல சுடக் கூடாது. நேத்தே சொல்லியிருக்கணும்."

அவர் அதை விரலால் புரட்டினார்.

"தெரியும்."

அவளுக்குப் புரியவில்லை.

"பெட்டியச் சுட்டப்பவே தெரிஞ்சுது. உதைக்கவே இல்லியே. காலைல நீ உள்ள போனப்ப ஒண்ண எடுத்துத் தடவிப் பாத்தேன். கூர்முனை. மான் சுடுறதுக்கு எலித் தோட்டாவக் குடுத்திருக்கா பாருன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுமா தோள்ல சுட்டீங்க?"

அவர் செம்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"விலாவுல வெச்சுப் பாத்தேன் மார்லெட். வெச்சேன். விலாவுல சுட்டா, நீ என்னைப் பத்தி முடிவு கட்டுனது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. ஒரே ஒரு தடவை பழைய ஆளா சுட்டுட்டுப் போயிருவோம்னு முன்னால நகத்திட்டேன்." கோட்டின் மேலிருந்த கையை எடுத்தார். "நாய நான் நெனைக்கல."

"அப்பா, என்னைத் திட்டுங்க."

"எதுக்கு? நீ காத்தடிக்குதுன்ன. நான் தோள் ஆறிருச்சுன்னேன்." செம்பைத் திருப்பி அவளிடமே கொடுத்தார். "ஹெனோவுக்குப் போன் போடு. மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு?"

"அப்பா, இங்கயே இருங்கப்பா. வரமாட்டேன்னு மட்டும் சொல்லுங்க."

"அங்க ஜன்னல்ல கடல் தெரியுமாமே" என்றார். குரலில் கேலி இல்லை. சுவர் தெரியும் என்று சொல்வதுபோல்தான் இருந்தது.

வண்டியின் பின்பக்கமிருந்து எலிப்பாஸ் எட்டிப் பார்த்தார். கையில் இலையில் சுற்றிய ஈரல் இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவகிட்ட குடு" என்றார் அப்பா. "அவதான் சுட்டா."