ஏழாம் பிளாக்கின் செவ்வாய்க்கிழமை

எர்ணாவூர் ஹவுசிங் போர்டு ஏழாம் பிளாக்கில், மூன்றாவது மாடியில் குடியிருந்த பீம்ராவ் வீட்டில் முதலில் செத்தது மிக்ஸி. ரிப்பேர் கடை பிலால் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு மோட்டார் நன்றாக இருக்கிறது, ஒயரும் நன்றாக இருக்கிறது, கரண்டும் உள்ளே போகிறது, ஆனால் உயிர் இல்லை என்றான். பார்த்ததற்குக் கூலி கேட்கவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப் போல, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனான். முந்தின நாள் சாயங்காலம் பீம்ராவின் பிள்ளைகள் இரண்டும் அந்த மிக்ஸிக்கு இறுதி ஊர்வலம் நடத்தியிருந்தார்கள். ஐந்தாவது படிக்கும் மேகலை அதை வெள்ளைத் துண்டில் சுற்றி, சாமந்திப்பூ வைத்து, முறத்தில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றாவது படிக்கும் நாகசேனன் எண்ணெய் டின்னை அடித்துக்கொண்டும் இடையிடையே பொரியை இறைத்துக்கொண்டும் முன்னால் நடந்தான். ஊர்வலம் வராந்தாவின் முனை வரைக்கும் போய்த் திரும்பியது. மிக்ஸியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு இருவரும் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தார்கள்.

பீம்ராவ் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுகிறவன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, ஒரு ராத்திரி முழுக்க நின்றாலும் ஹாரன் அடிக்காத ஆள் என்று அவனுக்குப் பெயர். அந்தப் பொறுமையெல்லாம் ரோட்டோடு சரி. அவன் மனைவி சங்கமித்ரா மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்து, ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். உடம்பு வீட்டுக்கு வருவதற்கு முன்பே பீம்ராவின் அக்கா பூவம்மா, பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்தால் பயந்துவிடும் என்று சொல்லி, இரண்டையும் ஆட்டோவில் ஏற்றி வண்ணாரப்பேட்டையிலிருக்கும் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பீம்ராவும் தலையாட்டினான். அங்கே பிள்ளைகளுக்கு எம்.சி. ரோட்டில் புதுத்துணி எடுத்துக்கொடுத்தார்கள், பிரியாணி வாங்கிக்கொடுத்தார்கள், கேட்டபோதெல்லாம் செல்போன் கொடுத்தார்கள். இதில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்று மேகலைக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திரும்பி வந்தபோது ஷாமியானாவைப் பிரித்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மா எங்கே என்று கேட்டதற்கு, சாமிகிட்ட போயிருக்கா என்றாள் பூவம்மா. அந்த வீட்டுச் சுவரில் புத்தர் படம் ஒன்றுதான் உண்டு. சாமி என்று ஒருவர் கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்ததே சங்கமித்ராதான். இல்லாத ஆளிடம் அம்மா எப்படிப் போயிருக்கும் என்று நாகசேனன் கேட்டான். பூவம்மா அவன் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினாள், அவனும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு பேரும் அழவும் இல்லை. சின்னப் பிள்ளைகள்தானே, சீக்கிரம் மறந்துவிடும் என்று பூவம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிக்ஸிக்கு அடுத்தபடி ஒரு தலையணைக்கு ஊர்வலம் நடந்தது. அதன் பிறகு அதில் யார் தலை வைத்தாலும் பொட்டுத் தூக்கம் வரவில்லை. பிறகு உப்பு ஜாடி. எத்தனை கரண்டி அள்ளிப் போட்டாலும் குழம்பு சப்பென்றே இருந்தது. பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி. பீம்ராவ் சவரம் செய்ய அதன் முன்னால் போய் நின்றபோது எதிர்ச்சுவர் தெரிந்தது, மாட்டியிருந்த சட்டை தெரிந்தது, அவன் தெரியவில்லை. தடவித் தடவிச் சவரம் செய்துகொண்டு, தாடையில் ரத்தத்தோடு வேலைக்குப் போனான். இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவிலிருந்த ஒரு படிக்குப் பிள்ளைகள் மாலை போட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் படியில் காலை வைத்து ஏறினால் ஏறுகிறவர் இருந்த இடத்திலேயே இருந்தார். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ஆள், பாவம், அந்த ஒரு படியில் அரைமணி நேரம் ஏறிக்கொண்டே இருந்தான். கீழ்வீட்டு மண்ணாங்கட்டிக்கு வேறு விதமான எரிச்சல். அவர் சாவு வீடுகளுக்கு மேளம் அடிக்கிறவர். பிள்ளைகள் டின்னில் அடிக்கும் அடி தப்பு தப்பாக இருந்தது அவர் காதுக்குப் பொறுக்கவில்லை.

பீம்ராவ் திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், ஒருதரம் முதுகில் இரண்டு வைத்தும் பார்த்தான். இது வூடா சுடுகாடா என்று கத்தினான். நல்ல கேள்விதான் என்பதுபோல இரண்டும் அவன் முகத்தையே பார்த்தன. மற்றபடி அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் வைத்துத் தலைவாரிக்கொண்டார்கள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார்கள். நாகசேனனுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை தோறும் பள்ளிக்கூடத்தில் வயிறு வலித்தது. டீச்சர் போன் போட்டுக் கூப்பிடுவார். பீம்ராவ் துறைமுகத்து வரிசையில் முன்னும் பின்னும் நகரமுடியாமல் மாட்டிக்கொண்டு, பக்கத்து வண்டி டிரைவரிடம் தன் தலையெழுத்தைச் சொல்லி அலுத்துக்கொள்வான். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மேகலை தினசரி காலண்டரிலிருந்து மறுநாள் தாளைக் கிழித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, முறத்தில் வைத்தாள். அதுவரை நடந்ததிலேயே பெரிய ஊர்வலம் அதுதான். பிளாக்கின் பாதிப் பிள்ளைகள் விசிலடித்து ஆடிக்கொண்டு பின்னால் போனார்கள். மறுநாள் காலையில் ஏழாம் பிளாக்கில் இருந்தவர்கள் எல்லாரும் புதன்கிழமையில் கண்விழித்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே ஆனது. திங்கள் ராத்திரி படுத்தால் புதன் காலையில்தான் விடியும். செவ்வாய்க்கிழமை வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு உள்ளேயிருந்து குரல் கொடுக்க ஆளில்லை. ஒரு தபால்காரர் செவ்வாயில் கேட்டுக்குள் நுழைந்து புதனில் வெளியே வந்தார், ஆபீசில் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். திங்கள் ராத்திரி துறைமுகத்து வரிசையில் நின்ற பீம்ராவுக்கு மட்டும் வெளியே ஒரு முழுச் செவ்வாய் கிடைத்தது. வேலை முடித்து, சாயங்காலம் தூக்கக் கலக்கத்தோடு கேட்டுக்குள் காலை வைத்தான். உள்ளே புதன்கிழமை காலை. பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு டிபனுக்குக் காத்திருந்தார்கள். தூங்க வேண்டிய ஒரு ராத்திரி எங்கே போனது என்று அவன் யாரிடம் போய்க் கேட்பான்.

பிளாக்குக்குத் தண்ணீர் லாரி வருவதே செவ்வாய்க்கிழமைதான். குடம் வைக்க ஆளில்லாமல் லாரி பக்கத்து பிளாக்குக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனது. கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரம் ஒருநாள் ஆப்சென்ட் விழுந்தது. சங்கத் தலைவர் பக்தவச்சலம் கூட்டம் போட்டார். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் குளித்து மூன்று நாள் ஆகியிருந்தது. "தாயில்லாப் புள்ளைங்க, எங்களுக்கும் மனசு கீது பீம்ராவ். ஆனா ஊருக்கே ஒரு நாள் பூட்ச்சே, அத யாரு குடுப்பா? கொஞ்ச நாளு ஆஸ்டல்ல வுட்டு வை" என்றார். பூவம்மா அதற்காகவே காத்திருந்தவள் போல மறுநாளே இரண்டு தகரப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பீம்ராவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்வதற்கு அவனிடம் ஒரு காரணமும் இல்லை, தெம்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவதென்று முடிவானது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் செத்த படியைத் தாண்டி மேலே ஏறி வந்தபோது, வராந்தாவில் அந்தத் தகரப் பெட்டிகளுக்கு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளின் பூட்டு ஏற்கெனவே விறைத்துவிட்டிருந்தது. பிறகு எந்தக் காலத்திலும் அவை திறக்கவில்லை. பீம்ராவ் குறுக்கே போய் நின்று கையை விரித்தான்.

"எத்தினி பேஜாருடி உங்களால. ஊரே காறித் துப்புது. இன்னாத்துக்கு இதெல்லாம்?"

மேகலை பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "பழகிகினு கீறோம் நைனா" என்றாள்.

"இன்னாத்த பழகிகினு கீறீங்க?"

"அம்மாவுக்குப் பண்ணணும் இல்ல. எங்களுக்கு முனை வரிக்கும்தான் தெரியும். யாரு செத்தாலும், மாடிலேந்து பாத்தா பாடை முனை திரும்பிடும். அப்பறம் இன்னா பண்ணுவாங்கன்னு தெரில. அதான் எல்லாத்தியும் திருப்பிக் கொண்டாந்து வச்சிட்றோம்."

பீம்ராவ் அங்கேயே, வராந்தாவில், சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாளும் பிள்ளைகள் மேல் வந்துகொண்டிருந்த கோபம் அவன் மேலேயே திரும்பியது. தங்கள் அம்மாவை வழியனுப்பக்கூட விடாமல் பிரியாணி வாங்கிக்கொடுத்து உட்காரவைத்த பிள்ளைகளைத்தான், நாளைக்கு மறுபடியும் ஆட்டோ ஏற்ற இருந்தான். நாகசேனன் டின்னோடு பக்கத்தில் வந்து நின்று, மூக்கில் பஞ்சு வைப்பார்களாமே, அப்புறம் அம்மா எப்படி மூச்சு விடும் என்று கேட்டான். அது அவன் ரொம்ப நாளாக வைத்திருந்த கேள்வி.

"மூச்சு இல்லடா சேனா. அம்மா செத்துட்ச்சி. செத்துட்டா மூச்சு வோணாம். பசிக்காது, வலிக்காது, குளிராது."

"திரும்பி வராதா?"

"வராது."

செத்துவிட்டாள் என்ற சொல் அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேசப்பட்டது. நாகசேனன் டின்னைக் கீழே வைத்தான். பிறகு சங்கமித்ரா அலுத்துக்கொள்வது போலவே நெற்றியில் கைவைத்து, "இத மொதல்லியே சொல்ல வேண்டியதுதான" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டலுக்குப் போகவில்லை. ஏழாம் பிளாக்கிலிருந்து சங்கமித்ராவின் இரண்டாவது இறுதி ஊர்வலம் புறப்பட்டது. முறத்தில் அவளுடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. முதல்முறை அவசரத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். அது இல்லாவிட்டால் அம்மாவுக்கு பஸ் நம்பர்கூடத் தெரியாதே என்று மேகலை எல்லாரையும் கோபித்துக்கொண்டாள். மேளக்காரர் மண்ணாங்கட்டி, நாகசேனன் கையிலிருந்த டின்னைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒழுங்கா அடிப்பம்டா என்று தன்னுடைய மேளத்தை மாட்டிக்கொண்டு வந்தார். தண்ணீருக்காகச் சண்டை போட்டவர்கள் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று முணுமுணுத்தபடியே பூவம்மா சுடுகாடு வரைக்கும் வந்தாள். முனை வந்தது. பிள்ளைகள் பழக்கதோஷத்தில் நின்றார்கள். பீம்ராவ் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு முனையைத் திரும்பினான்.

அங்கிருந்து சுடுகாடு வரைக்கும் அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. பாடையை இங்கேதான் இறக்கித் திருப்பிப் பிடித்தோம், தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம், வாய்க்கரிசி போடும்போது முகம் தூங்குகிற மாதிரி இல்லை, வேறு மாதிரிதான் இருந்தது, முதல் மண்ணை நான் போட்டேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். மேகலை அம்மாவைப் புதைத்த இடத்திலேயே சின்னக் குழி தோண்டிக் கண்ணாடியை வைத்து மூன்று கை மண் போட்டாள். மூன்றாவது கை மண் விழுந்ததும் அவளிடமிருந்து கிளம்பிய அழுகையில் மேளம் தானாக நின்றது. பீம்ராவும் அழுதான். நாகசேனன் தானும் மண்ணைப் போட்டு முடித்து, கையைத் தட்டிக்கொண்டு, பசிக்கிறது என்றான்.

அதன் பிறகு பிள்ளைகள் எதற்கும் ஊர்வலம் நடத்தவில்லை. செத்த சாமான்களும் பிழைக்கவில்லை. பீம்ராவ் தவணையில் வேறு மிக்ஸி வாங்கினான். செத்த படியைப் பிளாக்கில் கைக்குழந்தைகள்கூடத் தாண்டித்தான் ஏறப் பழகின. செவ்வாய்க்கிழமையாவது திரும்பும் என்று பக்தவச்சலம் சில வாரம் காத்திருந்தார். பிறகு நொந்துகொண்டே மனு எழுதி லாரியைப் புதனுக்கு மாற்றினார். கம்பெனிக்காரர்கள் வார லீவைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் கரண்ட் பாக்ஸ் இருக்கும் இடத்தைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுவார்கள்.

சங்கமித்ராவின் முதல் நினைவு நாள் புதன்கிழமையில் வந்தது. நல்லவேளை, சௌகரியமாகப் போயிற்று என்றாள் பூவம்மா. நாகசேனன் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா செத்தது செவ்வாயில், புதனில் இல்லை என்று சாதித்தான். நம்ம பிளாக்கில்தான் செவ்வாய் கிடையாதே, அதுக்குச் சாவு எடுத்தது நீங்கதானே என்று பீம்ராவ் சலித்துக்கொண்டான்.

"அத்த வூட்ல செவ்வா கீதுல்ல. அங்க போயி இருந்துட்டு வரலாம் நைனா" என்றான் நாகசேனன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பஸ் பிடித்து வண்ணாரப்பேட்டைக்குப் போய்ப் பூவம்மா வீட்டில் படுத்துக்கொண்டார்கள். காலையில் செவ்வாய்க்கிழமை வந்தது. நாகசேனன் வாசலில் நின்று பார்த்தான். பால் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள், துணிக்கடைப் பையன்கள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், வெயில் வழக்கம்போல அடித்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இவ்ளோதானா என்றான். அவனுக்கு அன்றைக்கு வயிறு வலிக்கவில்லை. அங்கிருந்து பூ வாங்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வந்து, சங்கமித்ராவின் பக்கத்தில் பொழுது சாயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். மேகலை அம்மாவிடம் பரீட்சை மார்க்கெல்லாம் சொன்னாள். பிளாக்குக்குத் திரும்பிக் காலை வைத்தால் புதன் விடிந்து அந்த நாள் முடிந்துபோகும் என்பதால் பீம்ராவுக்குக் கிளம்ப மனமே வரவில்லை. சூரியன் இறங்கியதும் நாகசேனன்தான் எழுந்து டவுசரில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"வா நைனா, போலாம். ஸ்கூலுக்கு லேட்டாய்டும்" என்றான்.

இருட்டிக்கொண்டு வந்தது. யூனிபார்மை அயர்ன் பண்ணாமல் விட்டுவிட்டது பீம்ராவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தன்னையே திட்டிக்கொண்டு எழுந்து, பிள்ளைகளை வேகமாக நடக்கச் சொன்னான்.