கிளார்க் என்றால் கிராணி

1.

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடமாகப் பிறந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் நடக்கும் எங்கள் மாலை வகுப்பில், விரிவுரையாளர் ஒரு கேள்வி கொடுத்தார். வணிகப் பட்டம் ஒரு முதலீடு. போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்? தெரிந்தவர் ஒருவரை வைத்துக் கணக்குப் போடவும்.

எங்களுக்கு முந்திய வகுப்பில் படித்து முடித்த ஒரு பெண்ணை வைத்துப் போட்டேன். கட்டணம், பரீட்சைப் பணம், கிள்ளான் பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து நானூறு வெள்ளி. பட்டத்தால் கூடும் சம்பளம் மாதம் இருபத்தைந்து. ஆக, பதினெட்டு வருடம். விடை சரி என்று பத்துக்கு ஒன்பது கொடுத்தார்கள். சரி என்றதுதான் வயிற்றெரிச்சல். அதனால் மறுபடி எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: போர்ட் கிள்ளான் துறைமுகத்தின் மேல் மாலைச் சூரியன்... (இல்லை. அவள் வேலை செய்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

இரண்டாவது: சீதாலெட்சுமி பொறுமைசாலி. யார் என்ன சொன்னாலும்... (பொய். மீதிச் சில்லறை தராத பஸ் கண்டக்டரைக் கிள்ளான் வரை விடாமல் திட்டியவள். பெயர் மட்டும் நான் வைத்தது.)

மூன்றாவது தொடக்கம் நிற்கிறது:

சீதாலெட்சுமி தன் தேர்ச்சிக் கடிதத்தை முதலாளி நாச்சியப்பனின் மேசையில் வைத்தாள்.

3.

கப்பல் சரக்குக்குச் சுங்கத் தாள்கள் தயாரிக்கும் அலுவலகம் அது. அங்கே அவள் டைப்பிஸ்ட். படிக்கத் தொடங்கியபோது, முடித்து வா, நல்ல இடமாகப் போடுகிறேன் என்று நாச்சியப்பன் சொல்லியிருந்தார். இப்போது கண்ணாடி போடாமலே கடிதத்தைப் பார்த்தார். வேலையில்லாத பட்டதாரிகள் வெளியே எத்தனை பேர் அலைகிறார்கள் என்று விளக்கினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"உன்ன கிளார்க்கா போட்டுடறேன். மாசம் இருபத்தஞ்சு வெள்ளி கூட. டைப்பிங்கயும் நீயே பாத்துக்க லா, உன்ன மாதிரி வேற யாருக்கு வருது?"

"நாராயணன் எக்ஸிகியூட்டிவ்தானே, பாஸ்?"

நாராயணன் அவருடைய அக்கா மகன். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டவன். அவன் கையெழுத்தில் போகும் ஆங்கிலக் கடிதங்களை எழுதுகிறவள் சீதாலெட்சுமி.

"அவன் வேற லா," என்றார் நாச்சியப்பன். "இந்தா வேல லெட்டர். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு."

(வேற. இந்த ஒரு சொல்லைத் திட்டி நாலு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவரோ அதைக் கொட்டாவியோடு சொன்னார்.)

4.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நாகையாவிடம் சொன்னாள். அவர் மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர். தன்னோடு சேர்ந்து கோபப்பட ஓர் ஆள் வேண்டும் என்றுதான் சொன்னாள்.

"கிளார்க் வேலதான் குடுப்பாங்களாம்பா."

"கிளார்க்குன்னா... கிராணியா?"*

"ம்."

நாகையா எழுந்து நின்றுவிட்டார்.

* கிராணி: தோட்டத்துக் கணக்கர். விடிவதற்கு முன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) ஆட்கள் வரிசையாக நிற்க, பேர் போடுகிறவர். பிந்தி வந்தால் அரைப் பேர், அரைக் கூலி. எதிர்த்துப் பேசினால் அதுவும் இல்லை. அவருடைய ஆபீஸ் படியில் செருப்போடு ஏறக் கூடாது. அகராதிப்படி கிளார்க் என்றால் கிராணிதான். நாகையாவின் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை.

"இனிமே நீதாம்மா பேர் போடுவே," என்றார். "ஒரு பய நமக்கு அரப்பேரு போட முடியாது."

"அப்பா, இது அந்தக் கிராணி..."

(வாக்கியத்தை நடுவில் விட்டது நான் அல்ல, அவள்.)

அதற்குள் அவர் கம்பத்து ஊராருக்கு வீடு வீடாகச் சொல்லக் கிளம்பியிருந்தார். திரும்பும்போது கையில் ஒரு தார் பிசாங் மாஸ் வாழைப்பழம். முதலாளிக்காம். வெள்ளிக்கிழமை நேரில் போய்க் கும்பிட்டு வர வேண்டுமாம்.

5.

முடிவுகள்.

அ) அவள் வேலையை உதறுகிறாள். வாசகர்கள் கைதட்டுவார்கள். ஆனால் இது 1986. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகள்கூட ஆளைக் குறைக்கின்றன. கைதட்டியவர் யாரும் வேலை தரப்போவதில்லை.

ஆ) கையெழுத்துப் போடுகிறாள். வீட்டுப்பாடத்தில் நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அவளைக் கேட்கவில்லை. கணக்குக்கு ஓர் எண் வேண்டியிருந்தது.

இ) நாச்சியப்பன் மனம் திருந்துகிறார். (இதை எழுதிய பேனாவைக் கழுவி வைத்தேன்.)

6.

வெள்ளிக்கிழமை. வேலைக் கடிதம் கையெழுத்தில்லாமல் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நாராயணன் பூட்ஸ் காலை மேசைமேல் போட்டுக்கொண்டு போனில் சிரிக்கிறான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாகையா. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் வாழைத்தார். கதவு வழியாக உள்ளே பளபளக்கும் தரையைப் பார்க்கிறார். அறையிலிருந்து வெளியே வந்த நாச்சியப்பனையும் பார்க்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. தாரை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிகிறார்.

சீதாலெட்சுமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறாள்.

அவள் இப்போது ஒன்று சொல்லியாக வேண்டும். நான் எழுதிப் பார்த்த ஒவ்வொரு வாக்கியத்திலும் யாராவது அவமானப்படுகிறார்கள். பட வேண்டியவர் மட்டும் படவில்லை. ஒன்பது மதிப்பெண் வாங்கிய எனக்கு இது வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அப்பாவிடமா, முதலாளியிடமா, அதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நிதானமாக யோசிக்க நேரமில்லை. ஒரு செருப்பு கழன்றுவிட்டது.